பழைய ஷெவெல்லைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த பழைய வேகக் கார்) ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் பெயிண்ட் நிறத்தையும் இன்ஜின் அளவையும் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டப் போகிறோம், நெடுஞ்சாலையில் போவோமா, குளிர்காலத்தில் எங்கே நிறுத்துவோம் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகிறது. பின்னால் வரும் வீண்செலவும் சலிப்பும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கண்காட்சியில் நிறுத்துவதற்கான கார் வேறு, இருபது முப்பது வருடம் ஓட்டுவதற்கான கார் வேறு. நான் எழுதுவது ஓட்டப் போகிறவர்களுக்கு. உதாரணத்துக்கு 1968 முதல் 1972 வரை வந்த செவர்லே ஷெவெல்லை எடுத்துக்கொள்கிறேன். உதிரிபாகம் ஏறக்குறைய எல்லாமே இன்னும் புதிதாகக் கிடைக்கும் கார் அது. அதனாலேயே போலிகளும் அதிகம்.

போலி விஷயத்திலிருந்தே தொடங்கலாம். சாதாரண ஷெவெல்லை, விலை அதிகமுள்ள எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) வகை என்று காட்டி விற்பதுதான் போலி. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் ஷெவெல்லின் வின் எண் (காரின் அடையாள எண்) 138 என்று தொடங்கும், குழப்பமில்லை. 1969-ல் எஸ்எஸ் என்பது தனி மாடலாக இல்லாமல் கூடுதல் தொகுப்பாக மாறிவிட்டது. அதனால் 1970-ம் வருடக் காரில் 13637 என்ற தொடக்கம் இருந்தால், அது வி-8 இன்ஜினுடன் வந்த இரண்டு கதவு மாலிபு (ஷெவெல் வரிசையில் ஒரு வகை) என்பது மட்டும்தான் தெரியும். சாதாரண 307 கன அங்குல இன்ஜினுடன் வந்த காரும், 450 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்பட்ட எல்எஸ்6 என்ற 454 கன அங்குல இன்ஜினுடன் வந்த காரும் அந்த எண்களில் ஒரே மாதிரியாகவே தெரியும். இன்ஜினைக் குறிக்கும் எழுத்து வின் எண்ணுக்குள் வந்தது 1972-ல்தான்.

பட்டை, பேட்ஜ், பானெட், டேஷ்போர்டு என எஸ்எஸ்ஸின் அடையாளங்கள் எல்லாவற்றையும் இன்று கடையில் வாங்கிப் பூட்டிவிடலாம். பின் ஆக்ஸில் 12 போல்ட் வகையாக இருப்பதும் சாட்சியாகாது, அதுவும் மாற்றக்கூடியதே. உண்மையான சாட்சி காகிதம்: தொழிற்சாலை பில்ட் ஷீட் (காரில் என்னென்ன பூட்ட வேண்டும் என்ற பட்டியல்), ஜன்னலில் ஒட்டிய விலைச்சீட்டு, வாரண்டிக்காகக் கொடுத்த ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற உலோகத் தகடு. பில்ட் ஷீட் சில சமயம் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், டேங்கை இறக்கும்போது அவசரப்பட்டுக் கழுவிவிடாதீர்கள். காகிதம் இல்லாத காருக்கு எஸ்எஸ் விலை கொடுப்பது இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிகம் பணம் தின்னும் தவறு. ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால், மாலிபு என்று சொல்லி மாலிபு விலைக்கு விற்கப்படும் நல்ல காரே மேல் என்பேன். அதில் என்ன மாற்றினாலும் சரித்திரத்தைக் கெடுத்துவிட்டோம் என்ற உறுத்தல் இருக்காது.

இரண்டாவது, துரு. இன்ஜினைக் கழற்றிச் சரிசெய்ய முடியும். கியர்பாக்ஸும் அப்படியே. துருப்பிடித்த பாடிதான் பட்ஜெட்டை விழுங்கும். மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் குளிர்காலச் சாலையில் உப்பு தூவுவார்கள், அந்தப் பக்கத்துக் கார்களின் அடிப்பாகத்தை அது அரித்திருக்கும். ஷெவெல்லில் முதலில் பார்க்க வேண்டியது பின்கண்ணாடியின் கீழ் மூலைகள். வினைல் கூரை போட்ட கார்களில் ஈரம் அதன் அடியில் தங்கி அங்கே தகடு ஓட்டையாகும். அந்த வழியாகத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி அதன் தரையைத் தின்னும். பிறகு பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சேஸிஸ் பகுதி, பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட் இடங்கள், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப் பாதை. விரிப்பைத் தூக்காமல், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல், ஒரு சிறு காந்தத்தைக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் ஓட்டாமல் விலை பேசக் கூடாது. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) கனமாக இருக்கிறது என்று அர்த்தம். அரிசோனாவிலிருந்தோ கலிஃபோர்னியாவின் உட்பகுதியிலிருந்தோ ஒரு காய்ந்த காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் கூலி, ஒரு பக்கத் தகட்டை மாற்றும் கூலியைவிட அநேகமாகக் குறைவாகவே இருக்கும்.

கார் வீட்டுக்கு வந்ததும் முழுவதும் பிரித்துப்போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் லைன், வயரிங் ஆகியவற்றைச் சரிசெய்து முதலில் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். எது அலறுகிறது, எது சூடாகிறது, எது ஒழுகுகிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். பாதியில் நின்றுபோய், டப்பா டப்பாவாக விற்பனைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை முதல் மாதத்திலேயே கடைசி நட்டு வரை கழற்றப்பட்டவை. அப்படிக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் வாஷரோடு தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். கதவுக்கும் பாடிக்கும் இடையில் வைத்த ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக்கூட இடம் குறித்து வையுங்கள்.

தகடு வேலையில் இந்தக் காருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஷெவெல்லில் சேஸிஸ் தனி, பாடி தனி. நடுவில் ரப்பர் புஷ்கள். பாடியை இறக்கி ஸ்டாண்டில் வைத்துக்கொண்டே பின்பக்கத் தகட்டை வெல்டிங் செய்தால், திரும்பச் சேஸிஸில் ஏற்றும்போது கதவு மூடாது. புது புஷ்களோடு சேஸிஸில் உட்காரவைத்து, கதவு, டிக்கி இடைவெளிகளைச் சரிபார்த்த பிறகே வெல்டிங் செய்ய வேண்டும். தரைத்தகட்டை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பிணைக்க வேண்டும். கன்வர்டிபிளாக இருந்தால் இது இரட்டிப்பு முக்கியம், கூரை தாங்காத கார் உடனே வளையும். பானெட், கூரை போன்ற பெரிய தகடுகளில் மணலை வேகமாக அடித்துப் பெயிண்டை உரிப்பது இன்னொரு பழைய தவறு. தகடு நெளிந்துவிடும், அதை மறுபடி சமமாக்குவது மிகக் கடினம்.

வெறும் இரும்பின் மேல் எபாக்சி ப்ரைமர், அதன் மேல் பட்டி என்ற வரிசையை நான் விடமாட்டேன். சாதாரணச் சர்ஃபேசர் ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் கராஜில் நிறுத்தினால் உள்ளே துரு பிடித்து, பெயிண்ட் அடித்த அடுத்த வருடமே கொப்புளம் கிளம்பும். முடிவில் கதவுக்கு அடியிலும் பக்கவாட்டுப் பெட்டியிலும் உள்ள தண்ணீர்த் துளைகளைக் கறுப்புப் பூச்சு மூடிவிடவில்லையா என்று பாருங்கள். துளை அடைந்தால் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும், வெளியே தெரியும்போது தகடு போயிருக்கும்.

இன்ஜினுக்கு வருவோம். இந்தக் கார்களின் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) மேல் உட்காரும் டாப்பெட்டுகள் தட்டையானவை, உருளை கிடையாது. அந்த உரசலைத் தாங்க எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு பொருள் வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றிகளைக் காப்பாற்றுவதற்காக இன்றைய சாதாரண கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த எண்ணெயைப் புது கேம் ஷாஃப்ட்டோடு ஊற்றினால் சில நூறு மைலிலேயே அதன் முகடு தேய்ந்து, அந்த இரும்புத்தூள் பேரிங் முழுக்கப் பரவும். பழைய இன்ஜினுக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதில் இன்னும் கவனம் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் பம்பை டிரில் மெஷினால் சுற்றி எண்ணெயை மேலே ஏற்றிவிட வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி, டைமிங்கை ஏறக்குறையச் சரியாக வைத்து, உடனே பிடித்துக்கொள்ளும்படி தயார் செய்ய வேண்டும். பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கிக்கொண்டு இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் கேம் ஷாஃப்ட்டுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது. ஸ்டார்ட் ஆகாமல் பத்து நிமிடம் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதுதான் ஒரு புது கேம் ஷாஃப்ட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல்.

இக்னிஷன் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் ஒன்று: பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் சிறு தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த எச்இஐ எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுவார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய காரில் காயிலுக்குப் போகும் வயரே ஒரு தடை வயர், அது பாயிண்ட் கருகாமல் இருக்க மின்னழுத்தத்தைக் குறைத்து அனுப்பும். எச்இஐ-க்கு முழு 12 வோல்ட் வேண்டும். பழைய வயரையே மாட்டினால் வேகத்தில் மிஸ்ஃபயர் ஆகும், மெக்கானிக் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பாயிண்ட்டோடே ஓட்டுகிறவர்களுக்கு வேலை எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் உள்ள சிறு ஜன்னல் வழியே, இன்ஜின் ஓடும்போதே, ட்வெல்லை (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 30 டிகிரிக்கு வைத்துவிடலாம்.

கார்புரேட்டரில் பேராசை வேண்டாம். 1970-ல் 396 என்று பெயர் போட்டு விற்ற இன்ஜின் உண்மையில் 402 கன அங்குலம். அது 5,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 640 கன அடி காற்றைத்தான் இழுக்கும். அதன் மேல் 850 கன அடி கார்புரேட்டரை வைத்தால், நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜின் திணறும், பெட்ரோலும் வீணாகும். அந்தக் காரோடு வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட்டைப் பலர் குறை சொல்லிக் கழற்றி எறிகிறார்கள். அதன் முன் துளைகள் சிறியவை, மெதுவாக ஓட்டும்போது சிக்கனம். பின் துளைகள் பெரியவை, மிதித்தால் திறக்கும். அடியில் உள்ள அடைப்பான்கள் ஒழுகுவதுதான் அதன் வழக்கமான நோய், அதைச் சரிசெய்தால் தெருவில் ஓட்ட அதைவிட நல்லது குறைவு.

பெட்ரோலும் மாறிவிட்டது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 1996 தொடக்கத்தோடு முற்றிலும் நின்றது. அதற்காக நன்றாக இருக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடின வால்வு இருக்கை போட ஓட வேண்டாம். வார இறுதி ஓட்டத்தில் பழைய இருக்கைகள் நெடுங்காலம் தாங்கும், ஹெட் வேறு காரணத்துக்காகக் கழலும்போது போட்டுக்கொள்ளலாம். உண்மையான தொல்லை எத்தனால். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தளர்த்திவிடும், ஹோஸ் ஒழுகுவது சூடான இன்ஜின் மேல். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது பெயிண்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. எல்எஸ்6-ன் கம்ப்ரெஷன் 11.25-க்கு 1. இன்று பம்பில் கிடைக்கும் 91 அல்லது 93 ஆக்டேன் பிரீமியத்தில் அது தட்டும் சத்தம் கொடுக்கும். ரீபில்ட் செய்யும்போது இரும்பு ஹெட்டுக்கு 9.5-ஐ ஒட்டி பிஸ்டன் தேர்ந்தெடுத்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது பயனில்லை. டிராஃபிக்கில் நிற்கும்போது சூடானால் காற்றோட்டக் குறை, ஃபேனைச் சுற்றியுள்ள கவசம் இருக்கிறதா, ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் போன்ற ஊர்வலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து போகிறவர்களுக்கு முதல் வகைத் தொல்லைதான் வரும்.

ஆக்ஸில் விகிதத்தை (பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) தேர்ந்தெடுப்பதில்தான் பல கார்கள் கராஜுக்குள் முடங்குகின்றன. சிக்னலில் பாய வேண்டும் என்று 4.10 போடுவார்கள். 26 அங்குல டயரோடு 70 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் சுமார் 3,700 ஆர்பிஎம்மில் கத்தும், ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. 3.31 என்றால் சுமார் 3,000. அதோடு 0.67 ஓவர்டிரைவ் உள்ள டிஎச்200-4ஆர் கியர்பாக்ஸை வைத்தால் சுமார் 2,000-க்கு இறங்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அடுத்த மாநிலம் போய்வரலாம். பழைய கியர்பாக்ஸைத் துடைத்து மூலையில் பத்திரமாக வையுங்கள், ஒருநாள் விற்கும்போது கேட்பார்கள்.

டயரைப் பள்ளத்தின் ஆழம் பார்த்து வாங்காதீர்கள், தேதி பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வயதைத் தாண்டிய டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றுங்கள். இன்னொன்று, பழைய மேனுவலில் உள்ள அலைன்மென்ட் எண்கள் அந்தக் காலத்து பயாஸ் டயருக்கானவை (இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை), அதில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ரேடியல் டயர் போட்டுவிட்டு அதே எண்ணுக்கு வைத்தால் கார் சாலையில் அலையும். முன் சஸ்பென்ஷனின் மேல் கைக்குப் பின்னால் உள்ள ஷிம்களை மாற்றி, கிடைத்தவரை 2 டிகிரிக்கு மேல் பாசிட்டிவ் காஸ்டர் வையுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். சிலிக்கான் வகையான டாட் 5 பிரேக் ஆயிலைச் சாதாரண டாட் 3-ஓடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் சாதாரண பாலிசி எடுத்தால் விபத்துக்குப் பின் ஐம்பது வயதுக் காரின் தேய்மான விலை பேசுவார்கள். முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் பாலிசியை எடுத்து, ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் பில்லோடும் படத்தோடும் அந்த மதிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது காருக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் எண்ணெய் சூடாகாது. எரிதலில் உண்டான நீர் எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஓட்ட முடிந்தால் எண்ணெய் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள், முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். நிறுத்துவதற்கு முன் புது எண்ணெய் மாற்றி, டேங்க்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, பாட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் மாட்டி வையுங்கள். ஏர் கிளீனர் வாயையும் சைலன்சர் முனையையும் எலி நுழையாதபடி அடையுங்கள். வசந்தத்தில் அந்த அடைப்புகளை எடுத்து, பிரேக் மிதி இறுக்கமாக நிற்கிறதா, ஹோஸில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.