கிரின்னெல் கல்லூரியில் நான்கு ஆண்டுப் பாடங்களை அடுக்குவது எப்படி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கிறது கிரின்னெல் கல்லூரி. தொடங்கியது 1846. படிப்பவர்கள் ஏறத்தாழ 1,700 பேர். முதல் பருவத்தில் எல்லாரும் படிக்கும் 'டுடோரியல்' என்ற சிறு வகுப்பைத் தவிர எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் எதுவும் இல்லை. பட்டியலை மாணவரே போட வேண்டும். சுதந்திரம் இருக்கிறதே என்று அசந்தால் மூன்றாம் ஆண்டில் மூச்சு முட்டும்.

ஒரு முழுத்தாளில் எட்டுக் கட்டம் வரையுங்கள். கட்டத்துக்கு ஒரு பருவம், ஒவ்வொன்றிலும் நாலு வரி, வரிக்கு ஒரு பாடம். பென்சிலால் எழுதுங்கள், நிச்சயம் அழிக்க வேண்டிவரும். பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளிக்குக் 'கிரெடிட்' என்று பெயர். ஒரு பாடம் பெரும்பாலும் 4 கிரெடிட். பருவத்துக்கு 16 வீதம் எட்டுப் பருவத்துக்கு 128. பட்டத்துக்குத் தேவை 124. ஆக, கையிருப்பு ஒரே ஒரு பாடம்தான். முதல் ஆண்டிலேயே ஒரு பாடத்தைக் கைவிட்டு அந்தக் கையிருப்பைச் செலவழித்துவிட்டால், பிறகு உடம்பு சரியில்லாமல் போனாலும் இடமிருக்காது.

அடுத்து, சங்கிலிப் பாடங்களை முதலில் நிரப்புங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலுக்குள் நுழைய முடியாது. மருத்துவம் படிக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் வேதியியலை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். புதிய மொழியும் அப்படியே. முதல் படி இலையுதிர் பருவத்தில், இரண்டாம் படி வசந்தத்தில் என்று வரும். தொடக்கத்தைத் தவறவிட்டால் ஓராண்டு போச்சு, அந்த மொழி பேசும் நாட்டில் ஒரு பருவம் படிக்கும் வாய்ப்பும் சேர்ந்து போகும்.

பிறகு வரம்பைச் சரிபாருங்கள். 124இல் ஒரே துறைக்கு 48 கிரெடிட், ஒரே பிரிவுக்கு 92 கிரெடிட்டுக்கு மேல் கணக்கில் வராது. மொழி, இலக்கியம், கலை போன்றவை, சமூக அறிவியல் சார்ந்தவை, அறிவியல் எனப் பிரிவு மூன்று. அதாவது எட்டுப் பாடமாவது உங்கள் பிரிவுக்கு வெளியே இருக்க வேண்டும். அவற்றைக் கடைசி ஆண்டுக்கு ஒதுக்காதீர்கள். பொறியியல் எண்ணத்தோடு வந்த ஜாஸ் இசைக் கலைஞர் ஹெர்பி ஹான்காக் இங்கேதான் இசைக்கு மாறினார். மனம் மாறினால் தாங்கும் அளவுக்கு முதல் இரண்டு ஆண்டுகளை விரித்து வைப்பதே நல்லது, முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவில் அறிவித்தால் போதும்.

டுடோரியலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொரு டுடோரியலுக்கும் ஒரு தலைப்பு இருக்கும். தேர்ந்தெடுக்கும்போது தலைப்பை விட ஆசிரியரைப் பாருங்கள். முதன்மைப் பாடத்தை அறிவிக்கும்வரை அவரே உங்கள் ஆலோசகர். கட்டம் போட்ட தாளை அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். "என்ன எடுக்கலாம்?" என்று வெறுங்கையோடு கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். "இந்த வரியை மாற்றினால் எது இடிக்கும்?" என்று கேளுங்கள்.

சிறிய கல்லூரியின் உண்மையான வரவு இந்த நெருக்கம்தான். பின்னாளில் இன்டெல் சிப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், டிரான்சிஸ்டரைப் பற்றி இங்கே மாணவராக இருந்தபோதே இயற்பியல் ஆசிரியர் கிராண்ட் கேலிடம் கற்றார். ஆசிரியரோடு சேர்ந்து செய்யும் ஆய்வுத் திட்டத்துக்கு 'மேப்' என்று பெயர். அதற்கு இடம் குறைவு. விரும்பும் ஆசிரியரிடம் முந்தைய ஆண்டே ஒரு மேல்நிலைப் பாடம் படித்துவிட்டு, விண்ணப்பக் கெடுவுக்கு ஒரு பருவம் முன்னதாகவே போய்ப் பேசுங்கள்.