வாயுவை இறக்கும் முன் அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

நீரைச் செலுத்தி எடுத்த பிறகும், பல எண்ணெய் வயல்களில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பாறைத் துளைகளிலேயே சிக்கி நிற்கும். கார்பன் டை ஆக்சைடு அதை உப்பவைத்து, இளக்கி, நகர்த்தும். முழுக்கக் கலந்துவிட்டால்தான் நிறைய வரும். அதற்கு ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக நான் அளப்பது அதைத்தான்.

தொட்டியில் ஆறிக் கிடக்கும் எண்ணெயை எடுக்காதீர்கள். அதில் கரைந்திருந்த வாயு எப்போதோ போயிருக்கும். பிரிகலனிலிருந்து (கிணற்றிலிருந்து வருவதை எண்ணெயாகவும் வாயுவாகவும் பிரிக்கும் கலன்) எண்ணெயையும் வாயுவையும் தனித்தனியே பிடித்து, வயலில் உள்ள விகிதத்திலேயே மறுபடி கலக்குங்கள். மணல் அடைத்த மெல்லிய எஃகுக் குழாய்ச் சுருளை (நாங்கள் ஸ்லிம் டியூப் என்போம்) பாறையின் வெப்பநிலையில் வைத்து அந்த எண்ணெயால் நிரப்புங்கள். பிறகு வாயுவை மெதுவாகச் செலுத்துங்கள். துளைக் கொள்ளளவைப் போல (மணல் இடுக்குகளின் மொத்தக் கொள்ளளவு) 1.2 மடங்கு வாயு போனதும் எவ்வளவு எண்ணெய் வெளிவந்தது என்று குறியுங்கள். ஐந்தாறு அழுத்தங்களில் இதையே செய்து வரைபடம் போட்டால், செங்குத்தாக ஏறும் கோடு ஓரிடத்தில் மடங்கிப் படுக்கும். தேடிய அழுத்தம் அதுதான். அவசரப்பட்டு மூன்று புள்ளிகளோடு நிறுத்தினால் மடிப்பு எங்கே என்று தெரியாது.

நான் ஒருமுறை சுத்தமான சிலிண்டர் வாயுவில் மட்டும் சோதித்து அறிக்கை கொடுத்துவிட்டேன். வயலிலோ, எண்ணெயோடு மேலே வந்த வாயுவைத்தான் திரும்ப இறக்கினார்கள். அதில் மீத்தேன் சேர்ந்திருந்தது; மீத்தேன் கூடினால் கலப்பு அழுத்தமும் கூடும். எல்லாச் சோதனைகளையும் மறுபடி செய்தேன். அன்றிலிருந்து இரண்டு வாயுக்களையும் சோதிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

வயலின் அழுத்தம் போதாவிட்டால் முதலில் நீரால் ஏற்றுங்கள், பாறை பிளக்கும் அளவைத் தொடாமல். முதலில் நீர், பிறகு வாயு என்பதற்குக் கனடாவின் வேபர்ன் வயல் ஓர் உதாரணம்; அது 1954இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1964இல் நீர், 2000இல் கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள நிலக்கரி வாயுவாக்க ஆலையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர் குழாயில் வருகிறது.

வாயு எண்ணெயைவிட இளக்கமானது. எளிய வழி கிடைத்தால் விரல் விரலாக முந்தி ஓடிவிடும். அதனால் வாயுவும் நீரும் மாறி மாறிச் செல்லட்டும். இரண்டும் சேர்ந்தால் அமிலம், எஃகை அரிக்கும். உட்பூச்சுள்ள குழாய்களையே இறக்குங்கள். உற்பத்திக் கிணறு ஒவ்வொன்றிலும் எண்ணெயோடு வரும் வாயுவின் விகிதத்தைக் கவனியுங்கள். ஒன்றில் திடீரென ஏறினால், அதற்கு வாயு அனுப்பும் கிணற்றில் நீரின் பங்கைக் கூட்டுங்கள்.