யானகாவா வாய்க்கால் படகு: ஃபுகுவோகாவிலிருந்து ஒரே நாளில் போய் வருவது எப்படி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஜப்பானில் ஃபுகுவோகாவுக்குத் தெற்கே இருக்கும் யானகாவா ஊரின் வாய்க்கால் படகு ஒருவழிப் பயணம். ஏறிய இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடமாட்டார்கள். ரயில் நிலையத்துப் பக்கம் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே மிதந்துபோய், ஊரின் மறுகோடியில் ஓகினோஹதா என்ற இடத்தில் இறங்குவீர்கள். இது தெரியாமல் திரும்பும் ரயிலுக்கு நேரம் குறித்துக்கொண்டு ஏறி, இறங்கியதும் நிலையம் எங்கே என்று திருதிருவென விழித்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஒரு விஷயத்தை வைத்து நாளைத் திட்டமிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்து பொருந்தும்.

போவது சுலபம். ஃபுகுவோகா நகரத்தின் நடுவில் இருக்கும் டென்ஜினில், நிஷிடெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. நகரின் பெரிய ரயில் நிலையம் இருக்கும் ஹகாடா பகுதியில் தங்கியிருந்தால் சுரங்க ரயிலில் டென்ஜினுக்கு ஐந்தாறு நிமிடம்தான். அங்கே ஓமுட்டா போகும் சிறப்பு விரைவு வண்டியில் ஏறுங்கள், ஏறக்குறைய 50 நிமிடத்தில் நிஷிடெட்சு யானகாவா வந்துவிடும். விரைவு வண்டி என்பதற்காகத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கான பாஸ், ஜேஆர் நிறுவன ரயில்களுக்கான பாஸ் எல்லாம் இந்த வழியில் செல்லாது, அதை நம்பிப் போகாதீர்கள். நிஷிடெட்சுவே ரயில் கட்டணத்தையும் படகுக் கட்டணத்தையும் சேர்த்து ஒரு சீட்டு விற்கிறது, தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு. வாங்குவதானால் டென்ஜினிலேயே வாங்கிவிடுங்கள்.

அதே சீட்டில் டஸாய்ஃபு கோவிலையும் சேர்த்து விற்பார்கள். காலையில் கோவில், மதியம் படகு என்று பலரும் ஓடுகிறார்கள். முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் செய்யமாட்டேன். மெதுவாகப் போவதற்கென்றே இருக்கிற ஒரு படகில் உட்கார்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்கு, போகாமலே இருக்கலாம்.

படகு நடத்தும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிப் படகுத்துறை, ஆனால் போகிற பாதையில் பெரிய வித்தியாசம் இல்லை. துறைகள் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், சிலர் வண்டி வைத்தும் அழைத்துப் போகிறார்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 2000 யென் பக்கம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், காலை பத்து மணிக்குள் போய்ச் சேருவதுதான் முக்கியம். பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்து இறங்கிவிடும்.

படகுக்கு டோன்கோபுனே என்று பெயர். தட்டையான அடிப்பாகம், இயந்திரம் கிடையாது. பின்னால் நிற்கும் படகோட்டி நீளமான மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுகிறார், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் தரையோடு தரையாக உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓரமாக இடம் பிடித்துக் காலை நீட்டிக்கொள்ளப் பாருங்கள். படகில் கழிப்பறை கிடையாது, அதை ஏறுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மேலே கூரையும் கிடையாது. வெயில் காலத்தில் துறையிலேயே கூம்பு வடிவத் தொப்பி கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் போட்டிருப்பார்கள். லேசான தூறலில் படகு ஓடும், மழைச்சட்டை உண்டு.

பாலங்கள் வரும்போது படகோட்டி சத்தம் போடுவார். அவர் பேசுவதெல்லாம் ஜப்பானிய மொழிதான், ஆனால் எல்லோரும் குனிந்தால் நீங்களும் குனிந்துவிடுங்கள், சில பாலங்கள் அவ்வளவு தாழ்வு. பழைய கோட்டை அகழிக்குள் நுழையும் மதகு ஒன்று இருக்கிறது, படகு இரண்டு பக்கமும் இடிக்காமல் போவதே வித்தை. சில பாலங்களுக்கு அடியில் படகோட்டி பாட ஆரம்பிப்பார், குரல் எதிரொலிக்கும். பெரும்பாலும் கிதஹாரா ஹகுஷு எழுதிய குழந்தைப் பாட்டாக இருக்கும். 1885-ல் பிறந்த அந்தக் கவிஞருக்கு இதுதான் ஊர்.

இந்த வாய்க்கால்கள் சுற்றுலாவுக்கு வெட்டியவை அல்ல. யானகாவா இருப்பது அரியாகே கடலோரத் தாழ்நிலம். அந்தக் கடலில் ஓதம் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும், நல்ல தண்ணீர் குறைவு. அதனால் மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கி வைக்க ஊர் முழுக்க வெட்டிக்கொண்டே போனார்கள். 1600-களின் தொடக்கத்தில் இங்கே வந்த தனாகா யோஷிமசா என்ற பிரபு கோட்டையோடு சேர்த்து இவற்றை ஒழுங்குபடுத்தினார். வயலுக்கும் அதே தண்ணீர், குடிக்கவும் அதே தண்ணீர், எதிரி வந்தால் அகழியும் அதேதான். வீடுகளின் பின்பக்கம் தண்ணீருக்கு இறங்கும் படிகளைப் பார்த்தால் இது புரியும், படகு போவதே ஊரின் கொல்லைப்புறம் வழியாகத்தான்.

குழாய் வந்ததும் வாய்க்காலை மறந்தார்கள், 1970-களில் அது சாக்கடையாகிக் கொசு மண்டியது. பெரும்பகுதியை மூடிவிடலாம் என்று நகராட்சி திட்டமே போட்டுவிட்டது. 1977-ல் அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டிய அதிகாரி ஹிரோமட்சு சுட்டாயே. அவரே அதை எதிர்த்து நின்றார். மேயரிடம் பேசி, தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, ஊர்க்காரர்களையே இறங்கித் தூர்வார வைத்தார். மூடுவதற்கு நியமிக்கப்பட்டவர் திறந்து வைத்த வாய்க்காலில்தான் நாம் மிதக்கிறோம்.

தூர்வாருவது என்றதும் ஞாபகம் வருகிறது, பிப்ரவரியில் சில நாட்கள் மதகை அடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சுத்தம் செய்வார்கள். அப்போது முழுப் பாதையில் படகு ஓடாது. அந்த மாதம் போகிறவர்கள் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி குளிர்காலமும் நன்றாகத்தான் இருக்கும், படகுக்குள்ளேயே கோடாட்சு வைத்துவிடுவார்கள். அதாவது மேலே போர்வை போட்ட சூடான மேசை, காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்காரலாம். வசந்தத்தில் கரையெல்லாம் செர்ரிப் பூ, துணிப் பொம்மைகளையும் நூல்பந்துகளையும் சரம்சரமாகத் தொங்கவிடும் சகெமோன் அலங்காரமும் அந்தச் சமயம்தான். கூட்டமும் அப்போதுதான். ஜூலை, ஆகஸ்ட் மதியம் வேண்டவே வேண்டாம்.

ஓகினோஹதாவில் இறங்கியதும் மூக்கே வழி காட்டும். உனாகி, அதாவது விலாங்கு மீனைச் சுடும் வாசனை. இந்த ஊர் முறைக்கு செய்ரோமுஷி என்று பெயர். சாறு கலந்த சோற்றை மரப்பெட்டியில் வைத்து, மேலே சுட்ட விலாங்கையும் மெல்லிய முட்டைச் சீவலையும் பரப்பி, மொத்தமாக ஆவியில் வேகவைக்கிறார்கள். கடைசிக் கவளம் வரை சூடு ஆறாது, சாறு சோற்றுக்குள் இறங்கியிருக்கும். மலிவில்லை, 3000 யெனுக்கு மேல்தான், ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. நல்ல கடைகளில் மதியம் வரிசை நிற்கும், பத்து மணிப் படகு என்று நான் வற்புறுத்தியதற்குப் பாதிக் காரணம் இதுதான். சைவக்காரர்கள் டென்ஜினிலேயே பழமும் வெறும் சோற்றுருண்டையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மீன் கண்ணில் படாத உணவிலும் மீன் சாறு இருக்கும், இங்கே வந்து தேடி அலைய வேண்டாம்.

சாப்பிட்டபின் பக்கத்திலேயே ஓஹானா. இந்த ஊரை ஆண்ட டச்சிபானா குடும்பத்தின் மாளிகை, 1910-ல் கட்டிய வெள்ளை மேனாட்டுக் கட்டடம், பின்னால் குளமும் கறுப்பு பைன் மரங்களுமாக ஒரு தோட்டம். போருக்குப் பின் நிலத்தையும் சொத்தையும் இழந்த அந்தக் குடும்பம் 1950-ல் இதை உணவகமாக்கிப் பிழைத்துக்கொண்டது, இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். கவிஞர் ஹகுஷு வளர்ந்த வீடும் சில நிமிட நடையில், இப்போது அருங்காட்சியகம். கவிதை வாசிக்காதவர்கள் வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

இனி திரும்புவது. நிலையத்துக்குப் பேருந்து இருக்கிறது, ஆனால் அடிக்கடி வராது. அதனால் இறங்கினவுடன் முதல் வேலையாக நிறுத்தத்துக்குப் போய் நேரப்பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் சாப்பிடப் போங்கள். காலில் தெம்பிருந்தால் நடந்தே திரும்பலாம், நாற்பது நிமிடம் பக்கம் ஆகும். வாய்க்கால் ஓரமாகவே பாதை, வில்லோ மரங்கள் தண்ணீரில் தலை சாய்த்திருக்கும் (யானகாவா என்றாலே வில்லோ ஆறு என்றுதான் பொருள்). காலையில் நீங்கள் குனிந்து போன அதே பாலங்களின் மேல் நின்று, கீழே வருகிறவர்கள் குனிவதைப் பார்க்கலாம். கையசைத்தால் படகிலிருந்து பதிலுக்குக் கையசைப்பார்கள்.