பி0420 வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றாதீர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பெட்ரோல் மினி லாரி திணறுகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420 வருகிறது, அதாவது கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக்குறி. புகையைச் சுத்திகரிக்கும் அந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விலை கொஞ்சநஞ்சமல்ல. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சைலன்சர் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் அங்கே கசிவு. அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று புகுந்தால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் நல்லதாக இருந்தாலும் தப்பாகத்தான் காட்டும். மலைப்பாதையில் குலுங்கும் வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

அப்புறம், ஊட்டிக் குளிரில் சென்சார் சூடேற நேரம் பிடிக்கும். நன்றாக ஓட்டிவிட்டு ஸ்கேனரில் வோல்ட் பாருங்கள். சாதாரண வகை முன்சென்சார் (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக அசைந்தால் சென்சாரையோ வயரிங்கையோ சந்தேகப்படலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பின்சென்சார் 0.6, 0.7 பக்கம் நிலையாக நிற்க வேண்டும். அதுவும் முன்னதைப் போலவே ஆடினால், கன்வெர்ட்டர் போய்விட்டது.

வண்டி ஆறியதும் ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெல்லத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் தேன்கூடு போன்ற உள்பகுதி உடைந்திருக்கிறது. ஏற்றத்தில் இழுவை குறைய, உடைந்த துண்டுகள் புகை போகும் வழியை அடைப்பதே காரணமாக இருக்கலாம். மாற்றுவதானால், மிஸ்ஃபயர் (எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு மாற்றுங்கள். எரியாத பெட்ரோல் புதியதையும் தின்றுவிடும்.