ஆர்சி டிரக்கில் ஹப் அகலம்: குறுக்குப் பின்னிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்

என் வண்டி ரிமோட்டில் ஓடும் (ஆர்சி) 1/5 அளவு மான்ஸ்டர் டிரக். பேட்டரியோடு பத்து கிலோவை ஒட்டி வரும். ஆக்ஸில் நுனியில் மாட்டி சக்கரத்தைத் தாங்கும் துண்டுதான் ஹப்; சக்கரத்துக்குள் நுழையும் அதன் அறுகோணப் பகுதி ஹெக்ஸ். நான்கு சக்கரத்துக்கும் 24 மி.மீ. ஹெக்ஸ். காய்ந்த குளத்து மண்ணில் ஓட்டுவேன். வேகமாக வளைத்தால் உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் எழும்பி, வண்டி உருண்டுவிடும். ஸ்பிரிங்கை மாற்றினேன், ஷாக் எண்ணெயைக் கெட்டியாக்கினேன், போதவில்லை. பக்கத்துக்கு 8 மி.மீ. ஹப்பை நீட்டிய பிறகுதான் உருள்வது அடங்கியது.

அதற்கு முன்னால் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பேரிங்குக்கும் ஹப்புக்கும் நடுவே வாஷர் போட்டு ஹப்பை வெளியே தள்ளினேன். சக்கரம் வெளியே வந்தது உண்மைதான். ஆனால் ஆக்ஸிலின் குறுக்குப் பின், அதாவது ஹப்பின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) உட்கார்ந்து அதைச் சுற்றவைக்கும் கம்பி, நகரவில்லையே! அது ஆக்ஸிலில் துளைத்த இடத்திலேயே நிற்கும். ஹப் விலக விலக, அந்தப் பின் ஹப்பின் காடியிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். பாதி ஆழத்தில் பிடித்திருந்த காடி இரண்டே பேட்டரியில் தேய்ந்து அகன்றுபோனது. பிறகு மோட்டார் சுற்றியது, சக்கரம் சும்மா நின்றது.

சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வளையம் போடுவதும் இதே கதைதான். அங்கே குறைவது ஹெக்ஸின் பிடி. என் ஹப்பில் ஹெக்ஸ் ஆழம் 9 மி.மீ. 4 மி.மீ. வளையம் போட்டால் 5தான் சக்கரத்துக்குள் மிஞ்சும். பிளாஸ்டிக் சக்கரம் அதைத் தாங்காது. 1 மி.மீ. என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் நான் போடமாட்டேன்.

ஆகவே, ஹப்பையே மாற்ற வேண்டும். வெர்னியர் அளவுகோலை எடுத்து, காடியின் அடித்தளத்திலிருந்து சக்கரம் வந்து உட்காரும் முகம்வரை அளங்கள். அகலத்தைத் தீர்மானிப்பது இந்த ஓர் அளவுதான். கூட்டுவதை இதில் மட்டும் கூட்டுங்கள். காடியின் ஆழம், ஹெக்ஸின் நீளம், நட் மரை எதையும் தொடாதீர்கள். இன்னொன்று, ஆக்ஸில் நீளாது. புதிய ஹப்பை மாட்டினாலும் ஆக்ஸில் நுனி சக்கரம் உட்காரும் முகத்தைத் தாண்டி நிற்கிறதா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். என் வண்டியில் நட் ஹப்பின் மரையிலேயே ஏறும். நட் நேராக ஆக்ஸிலில் ஏறும் வண்டி என்றால், நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவ்வளவு நீட்ட முடியாது.

கடையில் நீட்டிய ஹப் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். எனக்குத் தேவையான அளவு கிடைக்காததால் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் செய்தேன். லேத் மட்டும் போதாது. ஹெக்ஸும் காடியும் வெட்ட மில்லிங் வேண்டும். பழைய ஹப்பையும் ஆக்ஸிலையும் சக்கரத்தையும் கையோடு கொண்டுபோங்கள், படம் வரைந்து காட்டுவதைவிட அது மேல். அலுமினியத்தில் 7075 டி6 ரகம் கேளுங்கள். 6061 சுலபமாகக் கிடைக்கும். ஆனால் 7075-இன் பலம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காடி அடிபடும் இடத்தில் அந்த வித்தியாசம் வேண்டும். ஹெக்ஸை 23.9 மி.மீ.க்கு வெட்டச் சொல்லுங்கள். சரியாக 24 என்றால் சக்கரத்தைச் சுத்தியால் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

மாட்டும்போது, குறுக்குப் பின் காடியின் அடிவரை போய் உட்கார்ந்ததா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். கிரப் ஸ்குருவில் (தலையில்லாத சிறு திருகில்) நீல லாக்டைட், அதாவது மரை தளராமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு போதும். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கவைக்கும், சக்கரத்தில் படவிடாதீர்கள்.

பிறகு ஷாக்குகளைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மேலே முழுக்கத் தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். டயர் பாடியில் உரசினால் பாடியை வெட்டுங்கள். 5 மி.மீ. இடைவெளி வையுங்கள்; வேகத்தில் டயர் உப்பும்.

அகலம் கூடினால் ஸ்பிரிங்கும் மெத்தென்று ஆகும், சக்கரம் நீண்ட நெம்புகோலாகி அதை அழுத்துவதால். நான் ஸ்பிரிங் வளையத்தை இரண்டு சுற்று இறுக்கி, வண்டியின் உயரத்தைப் பழையபடி கொண்டுவந்தேன். முன்சக்கரம் அகன்றால் திருப்பத்தில் வண்டி சற்றுத் தாமதமாக வளையும். கல்லில் மோதினால் அடி ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்குப் போவதும் கூடும். அதனால் முதலில் பக்கத்துக்கு 5 மி.மீ. போட்டு ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவாகவே தொடங்குங்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வெளிப் பேரிங்கைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால், அந்த ஹப்பைக் கழற்றி காடியை மறுபடி அளங்கள்.