லூமினாவுக்கு டார்க் கன்வெர்ட்டர்: ஸ்டால் எண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என்னிடம் இருப்பது செவர்லே லூமினா எஸ்எஸ். ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கமடோர்தான் தென்னாப்பிரிக்காவில் இந்தப் பெயரில் விற்பனையானது. 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சின், 4எல்60இ தானியங்கி கியர்பாக்ஸ். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருந்து, எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதுதான் டார்க் கன்வெர்ட்டர். கார் நிற்கும்போது முழு மிதியில் எஞ்சின் அதற்கு எதிராக எட்டும் சுற்றுதான் ஸ்டால். டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து தினமும் வேலைக்குப் போவதும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் இதே காரில்தான். ரோபோவில் பச்சை விழுந்ததும் (சாலை சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) தயங்காமல் பாய வேண்டும். மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கக் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்து கிடைக்க எனக்கு இரண்டு கன்வெர்ட்டர்கள் செலவாயின. கற்றதை வரிசையாக எழுதுகிறேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் வேலை இதில் இல்லை.

முதல் படி: சீராக ஓடும்போது எஞ்சின் எத்தனை சுற்று?

டயர் அளவு, பின் அச்சு விகிதம், கடைசி கியர் விகிதம் ஆகிய மூன்றும் போதும். என் காரில் 235/45 ஆர்17 டயர். அதன் சுற்றளவு ஏறத்தாழ 2.02 மீட்டர். அச்சு விகிதம் 3.07, நான்காம் கியர் 0.70. மணிக்கு 120 கிலோமீட்டரில், லாக்அப் (கன்வெர்ட்டர் நழுவாதபடி பூட்டும் கிளட்ச்) விழுந்திருந்தால், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,130 சுற்று சுழலும். அதே நான்காம் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,060 சுற்றுதான். கன்வெர்ட்டர் நழுவும் இடமும் எண்ணெய் சூடாகும் இடமும் இந்தக் குறைந்த வேகம்தான். இதைத் தாளில் குறித்து வையுங்கள்.

இரண்டாம் படி: இப்போதுள்ள ஸ்டாலை அளப்பது

பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்து அளப்பது பழைய வழக்கம். ஓரளவு வலுவான எஞ்சினில் பின்சக்கரங்கள் பிரேக்கை மீறித் திரும்பிவிடும்; உண்மையான எண் தெரியாது. சில வினாடிகளிலேயே எண்ணெயும் கடுமையாகச் சூடேறும். எனக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம்.

கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத சமதளத்தில் காரை நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்த நொடியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். சுற்று எண் ஒரேயடியாகத் தாவி, ஓரிடத்தில் தயங்கி, பிறகு காரின் வேகத்தோடு ஏறும். தயங்கும் அந்த இடம்தான் ஃபிளாஷ் ஸ்டால். சக்கரம் வழுக்கினால் அந்த அளவு செல்லாது. டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். அது தாமதமாகவே நகரும். நான் எச்பி டியூனர்ஸ் கருவியில் (காரின் கணினியைப் படிக்கவும் திருத்தவும் உதவுவது) பதிவெடுக்கிறேன். கன்வெர்ட்டர் வாங்கும் முன்பே இப்படி ஒரு கருவியை வாங்குங்கள். லாக்அப்பைத் திருத்தவும் அது எப்படியும் தேவைப்படும்.

மூன்றாம் படி: எண்ணை உங்கள் எஞ்சினுக்கும் உங்கள் ஊருக்கும் மாற்றுவது

நான் தடுக்கியது இங்கேதான். முதலில் வாங்கிய கன்வெர்ட்டர் ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர் என்னுடையதைப் போன்ற லூமினாவில் ஓட்டியது. ஸ்டால் 2,800 என்றார், பதிவையும் காட்டினார். டர்பனில் என் காரில் பூட்டினால் 3,050 வந்தது. கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் தேய்ந்துவிட்டதோ, சென்சார் கெட்டதோ என்று இரண்டு வாரம் தேடினேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

ஸ்டால் என்பது கன்வெர்ட்டர் மட்டும் தரும் எண் அல்ல. கன்வெர்ட்டர் தாங்கும் முறுக்குவிசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். ஆகவே எஞ்சினின் முறுக்குவிசை மாறினால், அந்த மாற்றத்தின் வர்க்கமூல அளவுக்கு ஸ்டாலும் மாறும். 300 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினில் 2,500 காட்டும் ஒரு கன்வெர்ட்டர், 460 தரும் எஞ்சினில் ஏறத்தாழ 3,100 காட்டும். பெட்டியில் அச்சிட்ட எண் எந்த எஞ்சினில் அளந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

ஊரின் உயரமும் இதில் சேரும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முறுக்குவிசையை இழக்கிறது. ஆறில் ஐந்தின் வர்க்கமூலம் 0.913. 2,800ஐ அதால் வகுத்தால் 3,070. என் கார் காட்டியதும் கிட்டத்தட்ட அதுவே. கடற்கரையில் அளந்த எண்ணை மேட்டுநிலத்துக்குக் கொண்டு போனால் 0.913ஆல் பெருக்குங்கள்; அங்கிருந்து இங்கே வந்தால் வகுத்துவிடுங்கள்.

250 சுற்று வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். டர்பனுக்கு அருகே, பைன்டவுனிலிருந்து கிளூஃப் நோக்கி ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் மாலை நெரிசலில் ஏறினேன். எண்ணெய் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எனக்கு 80 முதல் 95 வரைதான் நிம்மதி.

நான்காம் படி: தேர்வு

கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றாத எல்எஸ்1, தினசரி ஓட்டம், 3.07 அச்சு என்றால், கடல் மட்டத்தில் 2,400 முதல் 2,800 வரை போதும் என்பது என் தீர்மானம். மிதமான கேம் போட்டிருந்தால் 3,000 முதல் 3,200. அதற்கு மேல் ஆசைப்படுபவர்களிடம், முதலில் ஒரு வாரம் அப்படிப்பட்ட காரில் வேலைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். என் இரண்டாவது கன்வெர்ட்டர் டர்பனில் 2,620 காட்டுகிறது.

2,600 ஸ்டால் என்றால் அதுவரை கார் நகராது என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. மென்மையாக மிதித்தால் முறுக்குவிசை குறைவு. ஆகவே அதைவிட மிகக் குறைந்த சுற்றிலேயே கார் கிளம்பிவிடும்.

லாக்அப் இல்லாத கன்வெர்ட்டரைத் தினசரிக் காருக்கு வாங்கவே வாங்காதீர்கள். நெடுஞ்சாலையில் எண்ணெயைக் குளிர்வாக வைப்பதும் பெட்ரோலை மிச்சப்படுத்துவதும் லாக்அப்தான். நான்காம் கியரில் 80 கிலோமீட்டரில் லாக்அப் விழும்படி வைத்திருக்கிறேன். மேட்டுக்காக மூன்றாம் கியரிலும் 60க்கு மேல் விழச் செய்தேன். முழு மிதியில் மட்டும் விழ வேண்டாம். ஒற்றைத் தகட்டு லாக்அப் கிளட்ச் அதைத் தாங்காது.

எண்ணெய்க் குளிரூட்டியைக் கன்வெர்ட்டரோடு சேர்த்தே வாங்குங்கள். அடுக்குத்தகடு வகைதான் நல்லது. பூட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: கியர்பாக்ஸை எஞ்சினோடு முடுக்கிய பிறகு, கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சின் தண்டோடு சுழலும் தகடு) நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கன்வெர்ட்டர் பம்பில் முழுதாக உட்காரவில்லை. போல்ட்டால் இழுத்தால் பம்ப் நொறுங்கும்.

பின்சேர்க்கை: ஜோகன்னஸ்பர்க் பகுதியிலுள்ள லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர், டர்போ போட்ட காருக்கும் உயரக் கணக்கு பொருந்துமா என்று கேட்டிருந்தார். டர்போ அழுத்தம் ஏறிய பிறகு இழப்பு பெரிதும் ஈடாகிவிடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் அழுத்தம் இன்னும் வந்திருக்காது. அங்கே மெலிந்த காற்றில் ஸ்டால் தாழ்ந்து, டர்போ விழித்தெழவும் தாமதமாகும். அவர் போன்றவர்கள் சற்று உயர்ந்த ஸ்டால் எடுப்பது சரிதான்.

இன்னொருவர் 6.0 லிட்டர், ஆறு கியர் லூமினா வைத்திருக்கிறார். அந்த 6எல்80இ கியர்பாக்ஸின் முதல் கியர் 4.03; என்னுடையது 3.06. கிளம்பும்போதே கியர் நிறைய உதவுவதால் அவருக்கு 2,400 தாராளம். என் கன்வெர்ட்டர் அதில் பொருந்தவும் பொருந்தாது.

சென்ற மாதம் என்3 சாலையில் வான் ரீனன்ஸ் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் அதிகாலை, ஆளில்லாத ஒரு வாகன நிறுத்தத்தில் அதே ஃபிளாஷ் சோதனையைச் செய்தேன். கணக்கின்படி 2,390 வர வேண்டும். பதிவில் 2,400 இருந்தது.