விட்டு விட்டு எரிந்த எக்ஸாஸ்ட் விளக்கு

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எக்ஸாஸ்ட் சூட்டு விளக்கு திடீரென எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். சென்சார் கோளாறு என்று நானாக முடிவு கட்டவில்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் மிச்ச பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்; அது செக்கச்செவேலென்று பழுத்துவிடும், தீயே பிடிக்கலாம். அதனால் முதலில் ஸ்பார்க் பிளக், காயில். எல்லாம் சரி. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் இரண்டு பக்கமும் ஒரே சூடுதான்.

அப்புறம் சென்சார் தரும் சிக்னலைப் படிக்கும் இடது, வலது பெட்டிகளை மாற்றிப் போட்டேன். விளக்கு பழைய பக்கத்திலேயே எரிந்தது. அப்படியானால் பெட்டி நல்லதுதான், வயரில் ஏதோ இருக்கிறது. சூட்டை மின்னழுத்தமாக மாற்றித் தரும் சென்சாரான கே வகை தெர்மோகப்பிள் 800 டிகிரி செல்சியஸில்கூடத் தருவது சுமார் 33 மில்லிவோல்ட். இணைப்பு லேசாகக் கெட்டாலே கணக்கு தப்பும். கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு! சுரண்டித் துடைத்து, தளர்ந்த பிடியை இறுக்கினேன். விளக்கு அதன்பின் எரியவில்லை.